ஆலிஸ் இன் செயின்ஸ்: 14 வருடம் கழித்து வந்த ஆல்பம்

பாடகர் இறந்த பிறகு ஒரு ராக் குழு அதே பெயரில் தொடரலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு ரசிகர்களிடம் ரெண்டே கட்சிதான். "அவர் இல்லாமல் குழுவே இல்லை, பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்" என்பது ஒரு கட்சி. "பாட்டு நல்லா இருந்தா போதும், யார் பாடினா என்ன?" என்பது இன்னொரு கட்சி. 2024 செப்டம்பரில் லிங்கின் பார்க் எமிலி ஆம்ஸ்ட்ராங்கை மேடையேற்றியபோது இந்தச் சண்டை மறுபடி ஆரம்பித்தது. செஸ்டர் பென்னிங்டன் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது அப்போது. நவம்பரில் 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பம் வந்த பிறகும் ரெண்டு கட்சியும் இறங்கி வரவில்லை.

இந்த ரெண்டு கட்சியுமே தப்பு என்று காட்டுகிற ஒரு ஆல்பம் 2009-லேயே வந்துவிட்டது. ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் 'ப்ளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ'. அதற்கு முந்தைய ஸ்டூடியோ ஆல்பம் வந்தது 1995-ல். நடுவில் 14 வருடம். நடுவில் ஒரு மரணம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 90-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து நாலு குழுக்கள் உலகம் முழுக்கப் போயின. நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ். பத்திரிகைகள் நாலு பேருக்கும் சேர்த்து 'க்ரன்ஜ்' என்று ஒரு லேபிள் ஒட்டின. உண்மையில் நாலும் நாலு தினுசு. ஆலிஸ் இன் செயின்ஸ்தான் இருக்கிறதிலேயே கனமானது, இருட்டானது. ப்ளாக் சபாத்தின் பேரப்பிள்ளை என்று சொன்னால் பொருந்தும். 1990-ல் 'ஃபேஸ்லிஃப்ட்', 1992-ல் 'டர்ட்', 1994-ல் 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' (அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்த முதல் ஈ.பி. இதுதான்), 1995-ல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட மூன்றாவது ஆல்பம். அதன் அட்டையில் மூன்று கால் நாய் ஒன்று நிற்கும். பின்னால் நடந்ததை நினைத்தால் அந்தப் படம் கொஞ்சம் உறுத்தும்.

பாடகர் லேய்ன் ஸ்டேலி ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 'டர்ட்' ஆல்பத்தில் பாதிக்கு மேல் அதுதான் விஷயம், ஒளிவுமறைவே இல்லை. 1996 ஏப்ரலில் எம்.டி.வி.யின் அன்ப்ளக்டு நிகழ்ச்சியில் பாடினார். அதே வருடம் ஜூலையில் கிஸ் குழுவுக்கு முன்வரிசைக் கச்சேரிகள் சில. அதோடு மேடை முடிந்தது. 1998-ல் ரெண்டு பாட்டுக்கு மட்டும் ஸ்டூடியோவுக்கு வந்தார். பிறகு வீட்டுக்குள்ளேயே அடைந்துகொண்டார். 2002 ஏப்ரல் 19-ம் தேதி சியாட்டிலில் அவர் குடியிருப்பில் உடல் கண்டெடுக்கப்பட்டது. இறந்தது ஏப்ரல் 5-ம் தேதி என்று கணித்தார்கள். ரெண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. கோடிக்கணக்கில் ரெக்கார்டு விற்ற மனிதர், வயது 34.

குழு கலைந்ததாக அதுவரை யாரும் அறிவித்திருக்கவில்லை. அறிவிக்காமலே எல்லாம் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்த முதல் கட்சியின் வாதம். பாடகர்தான் குழு, அவர் போனால் பெயரும் போக வேண்டும். நிர்வாணா விஷயத்தில் இது சரி. கர்ட் கோபெய்ன்தான் ஏறக்குறைய எல்லாப் பாட்டையும் எழுதினார், அவரே பாடினார். 1994-ல் அவர் போனதும் மீதி ரெண்டு பேர் பெயரைத் தொடவில்லை. டேவ் க்ரோல் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்று வேறு கடை போட்டார். லெட் செப்பலின் இன்னும் கறார். 1980-ல் செத்தது பாடகர்கூட இல்லை, ட்ரம்மர் ஜான் பானம். அதற்கே கடையை மூடிவிட்டார்கள்.

ஆனால் ஆலிஸ் இன் செயின்ஸ் கணக்கு வேறு. இதைப் புரிந்துகொள்ள அவர்கள் பாட்டில் குரல்கள் எப்படி வேலை செய்தன என்று கவனித்துக் கேட்க வேண்டும்.

சாதாரணமாக ஒரு ராக் குழுவில் ஒருவர் பாடுவார், பல்லவி வரும்போது மற்றவர்கள் பின்னாலிருந்து சேர்ந்துகொள்வார்கள். பின்பாட்டு என்பது ஒரு அலங்காரம், எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும். இங்கே அப்படி இல்லை. ஸ்டேலியின் குரலும் கிடாரிஸ்ட் ஜெர்ரி கான்ட்ரெல்லின் குரலும் வரிக்கு வரி ஒட்டிக்கொண்டே போகும், சில ஸ்வரங்கள் தள்ளி. எது மெயின் மெட்டு, எது துணை மெட்டு என்று பல இடத்தில் சொல்லவே முடியாது. ஸ்டேலியின் குரல் கூர்மையானது, மூக்கிலிருந்து வந்து கிழிக்கிற குரல். கான்ட்ரெல்லுடையது தாழ்ந்த, உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாத குரல். ஒன்று கத்தி, ஒன்று அதன் கைப்பிடி. ரெண்டும் சேர்ந்தால் ஒரு மூன்றாவது ஆள் பாடுகிற மாதிரி இருக்கும். அந்த மூன்றாவது ஆள்தான் ஆலிஸ் இன் செயின்ஸ்.

இன்னொன்று. பெரும்பாலான பாட்டுகளின் இசையை எழுதியது கான்ட்ரெல். 'ரூஸ்டர்' அவருடைய அப்பாவைப் பற்றியது. வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், ரூஸ்டர் அவருடைய பட்டப்பெயர். 'உட்?' பாட்டு, 1990-ல் ஹெராயினால் இறந்த இன்னொரு சியாட்டில் பாடகர் ஆண்ட்ரூ வுட் பற்றியது. அதில் சரணம் பாடுவது கான்ட்ரெல், பல்லவிக்குத்தான் ஸ்டேலி வருவார். 1995 ஆல்பத்தில் முதல் சிங்கிளாக வந்த 'க்ரைண்ட்' பாட்டிலேயே முன்னால் நிற்பது கான்ட்ரெல் குரல்தான். 'ஹெவன் பிசைட் யூ'-வும் அப்படியே. அதாவது ஸ்டேலி உயிரோடு இருந்தபோதே பாதிப் பொறுப்பு கை மாறியிருந்தது. ரசிகர்கள் அதைக் கவனிக்காமல் இருந்தார்கள்.

பேஸ் வாசித்த மைக் ஸ்டார் 1993-ல் போய் மைக் ஐனெஸ் வந்தபோது யாராவது பெயரை மாற்று என்று கேட்டார்களா? கேட்கவில்லை. பேஸ் வாசிக்கிறவர் என்றால் மாற்றலாம், பாடகர் என்றால் கூடாது. ஏன்? போஸ்டரில் நடுவில் நிற்பவர் பாடகர் என்பதால்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். கூட்டாளி ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று ஒரு பாடமே இருக்கிறது. முதல் வேலை, நிறுவனத்தின் நற்பெயரை மதிப்பிடுவது, குட்வில் என்று வகுப்பில் சொல்வார்களே, அது. அந்த நற்பெயரில் இறந்தவருக்கு எவ்வளவு பங்கு, மிச்சம் இருப்பவர்களுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இறந்தவரின் பங்கைக் கணக்கில் காட்டாமல் கடையைத் தொடர்ந்தால் அது மோசடி. மிச்சம் இருப்பவர்களுக்குப் பங்கே கிடையாது என்று சொன்னால் அதுவும் அநியாயம். "பெயரை மாற்று" கட்சி செய்வது இந்த ரெண்டாவது வேலை. "யார் பாடினா என்ன" கட்சி செய்வது முதல் வேலை. பாட்டை லாப நஷ்டக் கணக்கு மாதிரி பார்க்கலாமா என்று யாராவது கோபப்படலாம். பெயர் யாருக்குச் சொந்தம் என்று கேட்ட உடனே அது கணக்குதான்!

இந்தக் குழு மறுபடி ஒன்றாக மேடை ஏறியது எதற்காக என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள், அதில் ஆறாயிரத்துக்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையின் கிழக்குக் கரை முழுக்கச் சிதைந்தது. இந்தோனேசியாவின் ஆச்சே சொல்லவே வேண்டாம். அந்தச் சுனாமிக்கான நிவாரண நிதிக்காக 2005 பிப்ரவரி 18-ம் தேதி சியாட்டிலில் ஒரு கச்சேரி நடந்தது. ட்ரம்மர் ஷான் கின்னி முன்கை எடுத்தார். ஸ்டேலி இறந்த பிறகு மிச்சம் இருந்த மூன்று பேரும் சேர்ந்து மேடையேறியது அதுதான் முதல் தடவை. பாடகர் இடத்தில் ஒருவர் இல்லை, பலர். டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனன், ஹார்ட் குழுவின் ஆன் வில்சன், டேமேஜ்ப்ளான் குழுவின் பாட்ரிக் லாக்மன், படில் ஆஃப் மட் குழுவின் வெஸ் ஸ்கான்ட்லின் என்று ஆளுக்குக் கொஞ்சம் பாடினார்கள். காலியான இடத்தை ஒரே ஆளை வைத்து நிரப்ப அவர்களுக்கே அப்போது மனசு வரவில்லை என்று தோன்றுகிறது.

மறுபடி சேர்வது என்பது திட்டம் போட்டு, பத்திரிகையாளர்களைக் கூட்டி, டிக்கெட் விலை நிர்ணயித்து ஆரம்பித்த விஷயம் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகத்தின் இன்னொரு மூலையில் கடல் வந்து ஊர்களை எடுத்துக்கொண்டு போனது. அதற்கு உதவி செய்யப் போன இடத்தில் இவர்களுக்குத் தங்கள் பழைய வேலை ஞாபகம் வந்தது.

புதுப் பாடகர் வில்லியம் டுவால் 2006-ல் சேர்ந்தார். எங்கேயோ விளம்பரம் கொடுத்துப் பிடித்த ஆள் இல்லை. (2005-ல் ஐ.என்.எக்ஸ்.எஸ். குழு டி.வி.யில் போட்டி நடத்திப் பாடகரைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கூத்தை மறந்துவிடலாம்.) டுவால் அட்லாண்டாக்காரர். 80-களில் நியான் க்ரைஸ்ட் என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவில் இருந்தவர். பிறகு கம்ஸ் வித் தி ஃபால் என்று ஒரு குழு வைத்திருந்தார். 2001, 2002-ல் கான்ட்ரெல் தனியாகச் சுற்றுப்பயணம் போனபோது டுவாலின் குழுதான் முதலில் வாசித்தது, பிறகு கான்ட்ரெல்லுக்குப் பக்கவாத்தியமும் அவர்களே. ஸ்டேலி பாட வேண்டிய இடங்களை டுவால் அப்போதே பாடிக்கொண்டிருந்தார். ஒரு தற்செயல்: ஸ்டேலி பிறந்தது 1967 ஆகஸ்ட் 22, டுவால் 1967 செப்டம்பர் 6. ரெண்டு வார இடைவெளி.

அடுத்த குற்றச்சாட்டு, காசுக்காகச் செய்தார்கள் என்பது. இதைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசித்தால் நல்லது. காசுதான் குறி என்றால் ஆல்பமே போட வேண்டாமே? பழைய ஹிட் பாட்டுகளை வைத்துக்கொண்டு வருடா வருடம் சுற்றுப்பயணம் போனால் போதும். அரங்கம் நிறையும், ரிஸ்க் கிடையாது. எத்தனையோ பழைய குழுக்கள் அதைத்தான் செய்கின்றன. புது ஆல்பம் என்றால் அது தோற்கலாம், தோற்றால் பழைய பெயரும் சேர்ந்து கெடும். 2008-ல் க்வீன் குழு பால் ராட்ஜர்ஸைச் சேர்த்துக்கொண்டு 'தி காஸ்மாஸ் ராக்ஸ்' என்று ஒன்று போட்டது. அட்டையில் க்வீன் ப்ளஸ் பால் ராட்ஜர்ஸ் என்று நேர்மையாகத்தான் போட்டார்கள். ஆனால் பாட்டுகள் மனதில் நிற்கவில்லை, அந்தக் கூட்டணியும் நிலைக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஆலிஸ் இன் செயின்ஸ் ஆல்பம் பதிவு செய்ய உட்கார்ந்தபோது அவர்களுக்கு ரெக்கார்டு கம்பெனியே கிடையாது. கான்ட்ரெல்லும் கின்னியும் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். முடிந்த பிறகுதான் வெர்ஜின் நிறுவனம் வெளியிட்டது.

பதிவு செய்த இடம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஸ்டூடியோ 606. யாருடையது தெரியுமா? டேவ் க்ரோலின் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவுடையது. பாடகர் போனதும் பெயரை மூடிய சியாட்டில்காரர் கட்டிய ஸ்டூடியோவில், பாடகர் போனதும் பெயரைத் தொடர்ந்த சியாட்டில்காரர்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். தயாரிப்பாளர் நிக் ரஸ்குலினெஸ். 2008 அக்டோபரில் ஆரம்பித்து அடுத்த வசந்த காலத்துக்குள் முடித்தார்கள். 2009 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவில் வெளிவந்தது.

சரி, ஆல்பம் எப்படி?

11 பாட்டு, சுமார் 54 நிமிடம். முதல் பாட்டு 'ஆல் சீக்ரெட்ஸ் நோன்'. கிடார் மெதுவாக, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். ஒன்று முடிந்தது, புதிதாக ஒன்று தொடங்குகிறது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். பாடுவது யார்? கான்ட்ரெல், கூடவே டுவால். புதுப் பாடகர் வந்து நடுவில் நின்று கைதட்டல் வாங்கும் பாட்டை முதலில் வைக்கவில்லை. இறந்தவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்காமல், இருந்தவரே ஒரு அடி முன்னால் வந்து, புதியவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இந்த ஒரு முடிவில்தான் ஆல்பத்தின் மொத்த நியாயமும் இருக்கிறது.

ரெண்டாவது, 'செக் மை ப்ரெய்ன்'. இதன் கிடார் ரிஃப்பைக் கேட்டால் சுருதி தவறிவிட்டதோ என்று சந்தேகம் வரும். பழைய கேசட் டேப் ஓடும்போது பேட்டரி தீர்ந்து இழுக்குமே, அப்படி. தந்தியை வேண்டுமென்றே இழுத்து வளைக்கிறார்கள். விஷயம், மழை பெய்யும் சியாட்டிலை விட்டு வெயில் அடிக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. போதையை விட்ட ஒரு மனிதர், எல்லாச் சபலமும் தெருமுனையில் கிடைக்கிற ஊரில் போய் வசிக்கிறார், தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தானே ஆச்சரியப்படுகிறார். அமெரிக்க ராக் வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்தப் பாட்டு. தகுதியான பாட்டுதான்.

'எ லுக்கிங் இன் வியூ' ஏழு நிமிடம். வானொலிக்குக் கொஞ்சம்கூட ஆகாத நீளம். ஆனால் ஆல்பம் வருவதற்கு முன்னால் முதலில் வெளியே விட்டது இதைத்தான். நாங்கள் இன்னும் கனமாகத்தான் இருக்கிறோம், பயப்படாதீர்கள் என்று பழைய ரசிகர்களுக்குக் கொடுத்த தகவல் மாதிரி. கிராமி பரிந்துரையும் கிடைத்தது. 'யுவர் டிசிஷன்' நேர் எதிர், அகூஸ்டிக் கிடார், அடங்கிய குரல். இதைக் கேட்கும் யாருக்கும் ஸ்டேலி ஞாபகம் வராமல் இருக்காது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவரின் நிதானம் அந்தக் குரலில் இருக்கிறது. 'வென் தி சன் ரோஸ் அகெய்ன்' பாட்டும் அந்த வகைதான், 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' பிடித்தவர்களுக்கு இது வீட்டுச் சாப்பாடு.

குறை இல்லாமல் இல்லை. ஆல்பத்தின் பின்பாதி தொய்கிறது. 'டேக் ஹெர் அவுட்', 'லெசன் லேர்ண்ட்' ரெண்டும் மோசம் இல்லை, ஆனால் ரெண்டில் ஒன்றைத் தூக்கியிருந்தாலும் நஷ்டம் இல்லை. 'ஆசிட் பபுள்' நடுவில் வேகத்தை மாற்றி மாற்றி ஏழு நிமிடம் போகிறது. அதில் மூன்று நிமிடம் யாருக்காக என்று தெரியவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, டுவாலை அளவுக்கு மீறி ஒளித்து வைத்தது. அவர் முன்னால் நின்று பாடுகிற பாட்டு என்று உறுதியாகச் சொல்ல 'லாஸ்ட் ஆஃப் மை கைண்ட்' ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்டால் ஆளின் தொண்டை என்ன தொண்டை என்று தெரியும். ஸ்டேலி மாதிரி மூக்கில் பிடித்து இழுக்கிற குரல் இல்லை, நெஞ்சிலிருந்து திறந்து வருகிற குரல். பங்க் மேடையில் பழகியவரின் கோபம் அதில் இருக்கிறது. மற்ற பாட்டுகளில் அவர் கான்ட்ரெல்லின் நிழலில் நிற்கிறார். குரல் வருகிறது, ஆள் வரவில்லை. ரசிகர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். புரிந்துகொள்ளக்கூடிய பயம். ஆனால் கூட்டாளி என்று சேர்த்த பிறகு சம்பள ஆள் மாதிரி வைத்திருந்தால் அதுவும் சரியான கணக்கு இல்லை. டுவால் ஸ்டேலியைக் காப்பியடிக்கிறார் என்று சொன்னவர்கள் பலர். பழைய பாட்டுகளை மேடையில் பாடும்போது அந்த மெட்டைத்தானே பாட முடியும்? புது ஆல்பத்தில் அவர் யாரையும் காப்பியடிக்கவில்லை. காப்பியடிக்காதவர் என்று காட்டிக்கொள்ள அவருக்குப் போதுமான இடம் கொடுக்கப்படவில்லை, அதுதான் பிரச்சினை.

கடைசிப் பாட்டு, ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு. ஸ்டேலிக்கு விடைகொடுக்க கான்ட்ரெல் எழுதியது. மூன்று நிமிடம்தான். இதில் பியானோ வாசித்திருப்பவர் எல்டன் ஜான். ஹெவி மெட்டல் ஆல்பத்தில் எல்டன் ஜானா என்று முதலில் சிரிப்பு வரும். ஸ்டேலி வாழ்க்கையில் முதன்முதலாகப் போன கச்சேரி எல்டன் ஜானுடையது என்று சொல்வார்கள். கான்ட்ரெல் கடிதம் எழுதிக் கேட்டார், அவர் ஒப்புக்கொண்டார். வந்தவர் தன் பெயருக்கு ஏற்ற மாதிரி வித்தை எதுவும் காட்டவில்லை. சாவு வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவாரே, அந்த மாதிரி சில சுரங்களை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்.

இந்தப் பாட்டில் டிஸ்டார்ஷன் கிடார் இல்லை, கத்தல் இல்லை. கான்ட்ரெல் குரலின் பக்கத்தில் எப்போதும் இன்னொரு குரல் இருக்கும் என்று 20 வருடமாகப் பழகிய காது, இங்கேயும் அதைத் தேடும். அந்த உயரமான, கிழிக்கிற குரல் வர வேண்டிய இடம் எல்லாம் தெரியும். வராது. அந்த இடத்தை இட்டு நிரப்ப அவர்கள் முயற்சி செய்யவில்லை. இறந்த கூட்டாளியின் பங்கைக் கணக்கில் காட்டியாக வேண்டும் என்ற விதிக்கு இதைவிட நேர்மையான பதிவு கிடையாது. ஏ.சி./டி.சி. 1980-ல் செய்தது இன்னொரு வகை. பான் ஸ்காட் பிப்ரவரியில் இறந்தார், ஜூலையில் ப்ரையன் ஜான்சன் குரலில் 'பேக் இன் ப்ளாக்' கடைக்கு வந்துவிட்டது. கறுப்பு அட்டை, ஆரம்பத்தில் சாவு மணி, பிறகு கொண்டாட்டம். அதுவும் அற்புதமான ஆல்பம்தான், மறுக்க முடியாது. ஆனால் ஐந்து மாதத்தில் துக்கம் விசாரித்து முடித்தவர்களின் ஆல்பம் அது. இங்கே ஏழு வருடம் ஆகியிருக்கிறது. ஏழு வருடம் கழித்தும் அந்த வீட்டில் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

விற்பனைக்கும் குறைவில்லை. பில்போர்ட் பட்டியலில் 5-வது இடத்தில் நுழைந்தது, அடுத்த வருடமே அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிக்கான தங்க ரெக்கார்டு அங்கீகாரம். எம்.பி.3 இறக்கிக் கேட்டுக்கொண்டு எல்லோரும் சி.டி. வாங்குவதை நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எத்தனை விற்றது என்பது இந்த வாதத்தைத் தீர்க்காது. விற்காமல் போயிருந்தாலும் ஆல்பத்தின் நியாயம் அப்படியேதான் இருந்திருக்கும்.

அதன் பிறகு 2013-ல் 'தி டெவில் புட் டைனோசர்ஸ் ஹியர்', 2018-ல் 'ரெய்னியர் ஃபாக்' என்று அதே நாலு பேர் ரெண்டு ஆல்பம் போட்டார்கள். ஸ்டேலியோடு போட்ட முழு ஆல்பங்களும் மூன்று, டுவாலோடு போட்டதும் மூன்று. 'ரெய்னியர் ஃபாக்' ஆல்பத்துக்காகச் சியாட்டிலுக்குத் திரும்பிப் போனார்கள். அந்த மூன்று கால் நாய் ஆல்பத்தை ஸ்டேலியோடு பதிவு செய்த அதே ஸ்டூடியோ, பெயர் மட்டும் மாறியிருந்தது. அதில் 'சோ ஃபார் அண்டர்' என்று ஒரு பாட்டு. எழுதியது முழுக்க டுவால், பாடுவதும் அவர். 2009-ல் ஒளித்து வைத்த ஆள் அதில் முழுசாக வெளியே வந்து நிற்கிறார். கான்ட்ரெல் பக்கத்தில் நின்று துணைக்குரல் கொடுக்கிறார்.